போன பிறகு றூமைப் பாருங்கள், தம்பி

மட்டக்களப்புக் கல்லடியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அப்பா கட்டிய வீட்டை ஐந்து றூம் உள்ள தங்குமிடமாக மாற்றுகிறேன். வெளிநாட்டுக்காரர், கொழும்பு, கண்டிப் பக்கக் குடும்பங்கள், கனடாவில் இருந்து திருவிழாவுக்கு வரும் நம்மவர்கள் எல்லாரையும் எதிர்பார்க்கிறேன். வருகிறவர்கள் ஒரு தங்குமிடத்தில் உண்மையாக என்ன விரும்புகிறார்கள்? கையில் இருக்கிற காசுக்கு நீச்சல் தடாகம் கட்டவா, றூம்களைத் திருத்தவா?"

தம்பி, நான் 2012 இல் பாசிக்குடாவில் ஹவுஸ் கீப்பிங் வேலைக்குச் சேர்ந்தவள். போர் 2009 இல் முடிந்து, அந்தக் கரையில் பெரிய ஹோட்டல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துகொண்டிருந்த நேரம். அங்கே 11 வருடம், பிறகு அறுகம்பேயில் மூன்று சீசன். இப்போது சின்னத் தங்குமிடங்களுக்குப் போய் அங்குள்ள பிள்ளைகளுக்கு வேலை பழக்குகிறேன். ரிசப்ஷனில் நிற்கிறவர்களுக்கு விருந்தினர் வாயால் சொல்வது தெரியும். எங்களுக்கு அவர்கள் போன பிறகு கிடக்கிற றூம் தெரியும். இரண்டும் பல நேரம் ஒன்றாக இருக்காது.

கருத்துத் தாளில் "எல்லாம் நன்றாக இருந்தது" என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். உள்ளே போனால் யன்னல் சேலைக்கு மேலே ஒரு பெற்சீட்டைத் தொங்கவிட்டிருப்பார்கள். கதிரையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்து, அதன்மேல் சூட்கேசை வைத்து, அதன்மேல் போனை சார்ஜ் போட்டிருந்த தடம் இருக்கும். கதவின் கீழே துவாய் சுருட்டிக் கிடக்கும். நுளம்பு வலையின் ஓட்டையைத் தலைமயிர் றப்பரால் கட்டியிருப்பார்கள். கேட்கக் கூச்சப்பட்டு, அல்லது கேட்டுக் களைத்துப்போய், தாங்களே செய்துகொண்ட திருத்தங்கள் இவை. முதல் வருடம் நான் இவற்றைக் குப்பை என்று நினைத்துக் கூட்டி அள்ளினேன். பிறகுதான் ஒரு கொப்பி வாங்கி, எந்த றூமில் என்ன கிடந்தது என்று எழுதத் தொடங்கினேன். உங்கள் கேள்விக்கு நான் சொல்லும் பதில் பெரும்பாலும் அந்தக் கொப்பியில் இருந்து வருவதுதான். ஒருவர் ஒன்றையும் கேட்க வேண்டிய தேவை இல்லாமல், தன் பாட்டில் இருந்துவிட்டுப் போக முடிந்தால், அதுதான் அவர் தேடி வந்த இடம்.

முதலில் நித்திரை. கடலைப் பார்க்க வந்தேன், கோயிலுக்கு வந்தேன் என்று என்ன சொன்னாலும் உங்களிடம் அவர் காசு கொடுப்பது ராத்திரிக்கு. மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஓரம் அப்படியே இறங்கினால் அந்த மெத்தை வேண்டாம். நம் ஊரில் இலவம்பஞ்சைத் திணித்துக் கல் மாதிரி வைத்திருக்கும் தலையணை நமக்குப் பழகிய ஒன்று. வெளியில் இருந்து வருகிறவர்களில் பாதிப்பேர் அதை எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டுத் தங்கள் சட்டையை மடித்துத் தலைக்கு வைத்துப் படுப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆளுக்கு இரண்டு தலையணை, ஒன்று மெல்லியது, ஒன்று கொஞ்சம் உயரம். இதற்குப் பெரிய செலவில்லை.

பெற்சீட் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். பூப்போட்டது அழுக்கை மறைக்கும் என்பது நமக்குத் தெரியும், விருந்தினருக்கும் தெரியும். வெள்ளை என்றால் அவர் போர்வையை விலக்கிய நொடியே மனம் ஆறிவிடும். நிறம் வேண்டும் என்றால் கட்டிலின் கால்மாட்டில் மருதமுனைக் கைத்தறி விரிப்பு ஒன்றைப் போடுங்கள். நம் பக்கத்து நெசவு, எங்கே வாங்கலாம் என்று கேட்கவும் கேட்பார்கள். ஒரு கட்டிலுக்கு மூன்று செட் என்பது ஹோட்டல் கணக்கு: ஒன்று கட்டிலில், ஒன்று கழுவலில், ஒன்று அலுமாரியில். மட்டக்களப்பில் நான்கு வையுங்கள். நவம்பரில் இருந்து ஜனவரி வரை மழை விடாமல் பெய்யும்போது கழுவியது காயாது. அரைகுறையாகக் காய்ந்த துணியின் மணத்தை வாசனைத் திரவியம் அடித்து மறைக்கப் பார்க்காதீர்கள். இரண்டு மணமும் சேர்ந்து தலையிடிதான் வரும்.

அடுத்தது இருட்டு. கல்லடி வீடு கிழக்கே கடலைப் பார்த்து இருக்கிறது என்றால் காலை ஆறு மணிக்கே வெயில் கட்டிலில் விழும். விடிய எழும்பிப் பழகியவருக்கு அது அழகு. முதல் நாள் எட்டு ஒன்பது மணித்தியாலம் வான் வண்டியில் வந்தவருக்கு அது தொல்லை. திரைச்சேலைக்குப் பின்னால் தடித்த கறுப்புத் துணி ஒன்று தைத்துப் போட்டால் போதும், அவர் பெற்சீட்டைத் தொங்கவிட மாட்டார்.

வெக்கை வேறு விஷயம். மே தொடங்கி ஆகஸ்ட் தாண்டியும் கச்சான் என்கிற வறண்ட மேற்குக் காற்று வீசும்போது மேற்குச் சுவர் முழுப் பகலும் வெந்து, ராத்திரி எட்டு மணிக்குக்கூடச் சூட்டை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். ஆடி மாதத்தில்தான் கனடா, லண்டன், சுவிஸ் குடும்பங்கள் பிள்ளைகளோடு வருகின்றன. மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தமும் ஆடி அமாவாசையில். அதாவது உங்கள் றூம் நிறைகிற நேரமும் ஊர் கொதிக்கிற நேரமும் ஒன்று. மேற்கு றூமுக்கு 9,000 பிடியூ (ஏசி குளிர்விக்கும் திறனின் அளவு) ஏசி எடுத்துவிட்டு, குளிரவில்லை என்று பேசுவதில் பயனில்லை, 12,000 போடுங்கள். கூரைக்கு வெள்ளைப் பூச்சு, மேற்குப் பக்கம் ஒரு பந்தல், முடிந்தால் ஒரு வேம்பு. மரம் வளரும்வரை பந்தலில் கொடி ஏற்றலாம்.

சத்தம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோயில் ஒலிபெருக்கி, பாங்கு, காலையில் பாண் விற்க வரும் சூன் பாண் ஓட்டோவின் இசை, இதெல்லாம் ஊர். நீங்கள் நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. முதல் நாளே "திருவிழா நடக்கிறது, காலையில் ஐந்து மணிக்குப் பாட்டுப் போடுவார்கள், விருப்பம் என்றால் பின்பக்க றூம் தருகிறேன்" என்று சொல்லிவிட்டால் அதே சத்தம் அவருக்குத் திருவிழாவாகக் கேட்கும், சிலர் எழும்பிக் கோயிலுக்கே போய்வருவார்கள். ஆனால் நாம் போடுகிற சத்தம் இருக்கிறதே, அது வேறு. குசினியில் பாத்திரம் விழுவது, விறாந்தையில் கதிரை இழுப்பது, பொடியன்கள் போனில் கதைப்பது, கதவு அடிபடுவது. கொப்பியில் நான் எழுதிய முறைப்பாடுகளில் ஊர்ச் சத்தத்தைவிட இவைதான் அதிகம். கதிரைக் காலுக்கும் கதவுச் சட்டத்துக்கும் றப்பர் ஒட்டுங்கள்.

நுளம்புக்கு வலை கட்டியிருப்பது போதாது, வாரம் ஒருமுறை வலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஓட்டை பார்க்க வேண்டும். வலை மெத்தைக்கு அடியில் செருகுமளவுக்கு நீளமா என்றும் பாருங்கள். டெங்கு நுளம்பு தேங்கிய தண்ணீரில் முட்டையில் இருந்து பறக்கும் வரைக்கும் ஏழு முதல் பத்து நாள் எடுக்கும். அதனால் ஏசி வடிகிற வாளி, பூச்சாடித் தட்டு, சிரட்டை, பீலி இவற்றை ஐந்து நாளுக்கு ஒருமுறை கவிழ்த்தால் உங்கள் வளவில் அது பிறக்காது.

இனிக் குளியலறை. நித்திரைக்கு அடுத்ததாக விருந்தினர் நம்மை எடைபோடுவது இங்கேதான், சிலர் முதலில் இதைத்தான் திறந்து பார்ப்பார்கள். பெரிய விலைக்கு மழை போல் விழும் ஷவர் வாங்கி மாட்டுகிறார்கள், தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. காரணம் எளிது. தண்ணீர்த் தாங்கி ஷவருக்கு மேலே 10 மீற்றர் உயரத்தில் இருந்தால்தான் அழுத்தம் ஒரு பார் வரும். வீட்டு மொட்டைமாடியில் இருக்கும் தாங்கி மூன்று மீற்றர் உயரம் என்றால் 0.3 பார். அந்தப் பெரிய ஷவரை இந்த அழுத்தத்தில் நம்ப முடியாது. சின்ன அழுத்தப் பம்ப் ஒன்று போடுங்கள், அல்லது குறைந்த அழுத்தத்துக்கென்று வரும் சாதாரண ஷவரை மாட்டுங்கள். எதுவானாலும் ஒரு வாளியும் கோப்பையும் இருக்கட்டும். நம்மவர்களுக்கு அது இல்லாவிட்டால் குளித்த மாதிரி இருக்காது, சின்னப் பிள்ளைகளைக் குளிப்பாட்டவும் வேண்டும்.

கடற்கரைப் பக்கக் கிணறுகள் பல உவர். சவர்க்காரம் நுரைக்காது, தலைமயிர் பிசுபிசுக்கும். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வருகிறது என்றால் குளிப்பதற்கு அதையே கொடுங்கள், கிணற்றுத் தண்ணீரை மரத்துக்கு வையுங்கள். உப்புக் காற்றுக்குப் பளபளவென்ற மலிவான பைப்பும் கொக்கியும் ஒரு மழைகாலம்கூடத் தாங்காது. துருப்பிடித்த பைப்பை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் பார்க்கிறவர் அழுக்கு என்றுதான் நினைப்பார். எவர்சில்வரில் 316 என்ற ரகம் கேட்டு வாங்குங்கள். விலை தாங்காவிட்டால் நல்ல பிளாஸ்டிக்கே மேல்.

பிறகு, கொக்கி. இதை நான் போகிற ஒவ்வோர் இடத்திலும் சொல்கிறேன். குளிக்கப் போகிறவர் ஒரு துவாய், மாற்றுடுப்பு, கழற்றிய உடுப்பு, கண்ணாடி, போன், சாமான் பை இத்தனையையும் எங்கே வைப்பார்? பெரும்பாலான தங்குமிடங்களில் கதவுக்குப் பின்னால் ஒரு கொக்கி இருக்கும், அதுவும் ஆடும். ஐந்து கொக்கியும் ஒரு தட்டும் போடுங்கள், காய்ந்திருக்கும் இடத்தில். நிலத்துச் சரிவு வடிகால் பக்கம் இருக்கிறதா என்று ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். வாசலுக்கு ஓடி வந்தால் மேசனைக் கூப்பிட்டுத் திருத்திய பிறகு திறவுங்கள். கதவின் கீழே துவாய் சுருட்டிக் கிடந்தது என்று சொன்னேனே, பாதி றூம்களில் அதற்குக் காரணம் இந்தத் தண்ணீர்தான்.

சுடுதண்ணீர் பற்றிக் கேட்பீர்கள். இந்த வெக்கையில் எதற்கு என்று நமக்குத் தோன்றும். மார்கழி மழையிலும், கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கும், மூட்டு வலியுள்ள முதியவர்களுக்கும் வேண்டும். இரண்டு றூமுக்காவது போடுங்கள், எந்த றூமில் உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

வந்து சேர்கிற முதல் மணித்தியாலத்தைப் பற்றி நிறையச் சொல்லலாம். நம் ஊருக்குரிய சிக்கலை மட்டும் எடுக்கிறேன். கொழும்பு கோட்டையில் இருந்து இரவு ரயில் எடுக்கிறவர் விடியப் பொழுதில் மட்டக்களப்பில் இறங்குகிறார். நாம் றூம் கொடுக்கிற நேரம் பிற்பகல் இரண்டு மணி. நடுவில் இருக்கிற அந்த எட்டு ஒன்பது மணித்தியாலத்தை அவர் எங்கே கழிப்பார்? நான் வேலை செய்த ஓர் இடத்தில் அவர்களை ரிசப்ஷன் கதிரையில் உட்கார வைத்துவிடுவார்கள். வயதான தம்பதி ஒருவரோடொருவர் தோளில் சாய்ந்து அங்கேயே தூங்கியதைப் பார்த்த காலை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அவர்கள் கேட்டதெல்லாம் முகம் கழுவ ஓர் இடம்தான். உங்களுக்கு ஐந்து றூம்தான், காலையில் காலியாக ஒன்று இருக்காமல் போகலாம். வெளியே ஒரு குளியலறை, சாமான் பூட்டி வைக்க ஒரு அலுமாரி, விறாந்தையில் காலை நீட்டிப் படுக்க ஒரு சாய்மனைக் கதிரை, வந்த உடனே இஞ்சி போட்ட தேத்தண்ணி. படிவம் நிரப்புவது, அடையாள அட்டை பார்ப்பது எல்லாம் தேத்தண்ணி குடித்த பிறகு நடக்கட்டும். பாஸ்போர்ட்டைப் படம் எடுத்துக்கொண்டு உடனே கையில் கொடுத்துவிடுங்கள். அதை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்தால் அவர் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பார்.

பெண்கள் தனியாக வருவது இப்போது நிறைய, அறுகம்பேயில் அதைவிட நிறைய. இதில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை. றூம் இலக்கத்தை மற்றவர் காதில் விழும்படி சத்தமாகச் சொல்லக் கூடாது, எழுதிக் காட்ட வேண்டும். உள்ளே இருந்து போடுகிற தாழ்ப்பாள் உறுதியாக இருக்க வேண்டும். வெளியே நிற்பவரைப் பார்க்கக் கதவில் சின்னக் கண்ணாடித் துவாரம் வேண்டும். கதவைத் தட்டினால் பதில் வரும்வரை நிற்க வேண்டும், தட்டிக்கொண்டே திறக்கிற பழக்கத்தை வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் முதல் நாளே நிறுத்துங்கள். "தனியாகவா வந்தீங்கள், கலியாணம் முடிச்சாச்சா" என்று நாம் அன்பில் கேட்கிறோம். நம்மூர்ப் பெண்ணுக்கே அது கூச்சம், ஊர் தெரியாதவளுக்குப் பயம். ஒரு திறப்பு அவர் கையில், மற்றது உங்கள் கையில், மூன்றாவது திறப்பு எவரிடமும் இல்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டில் உங்களுக்கு நான் பழக்க ஒன்றும் இல்லை, வீட்டில் அம்மா இருக்கிறார். பிட்டும் இடியப்பமும் சொதியும் சம்பலும் அந்த அந்த நேரத்துக்குச் சுடச்சுட வந்தால் எவரும் சொசேஜ் கேட்க மாட்டார்கள். உறைப்பைக் கறியில் போடாமல் சம்பலில் தனியாக வையுங்கள். சட்டியில் உறைந்த எருமைத் தயிரும் பாணியும் கொடுங்கள், அதைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். வாவி நண்டு, இறால் என்றால் முதல் நாளே விலை சொல்லி ஓடர் எடுங்கள். முந்திய இரவில் இரண்டு கேள்வி போதும்: எத்தனை மணிக்கு, மரக்கறியா மச்சமா. வெள்ளிக்கிழமை மச்சம் தொடாதவர் இருப்பார், காத்தான்குடி, ஏறாவூர் உறவினரைப் பார்க்க வந்த முஸ்லிம் குடும்பம் இருக்கும், இறைச்சி எங்கே வாங்கினது என்று அவர்கள் கேட்பதற்கு முன்னே நீங்களே சொல்லிவிட்டால் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். அறுகம்பேயில் ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை அலைச்சறுக்கு ஆட்கள் விடியக் கடலுக்குப் போய்ப் பத்து மணிக்குப் பசியோடு திரும்புவார்கள். ஒன்பதரைக்குக் காலைச் சாப்பாட்டை மூடுகிற இடத்துக்கு அவர்கள் மறுபடி போவதில்லை. கல்லடியில் உங்களுக்கு அந்த ஆட்கள் குறைவு, ஆனால் பிந்தி எழும்புகிற ஆட்கள் எங்கும் உண்டு.

வான் சாரதியை மறந்துவிடாதீர்கள். நம் நாட்டில் குடும்பமாக வருகிறவர்களும் வெளிநாட்டுக்காரரும் பலர் சாரதியோடுதான் வருகிறார்கள். அவருக்கு ஒரு கட்டில், மின்விசிறி, வலை, வயிறாரச் சோறு. வானுக்குள் படுத்தெழும்பி அடுத்த நாள் 300 கிலோமீற்றர் ஓட்டுகிற மனிதரின் கையில்தான் உங்கள் விருந்தினரின் உயிர் இருக்கிறது. விருந்தினருக்கும் இது மனதில் கிடந்து உறுத்தும், "எங்கள் சாரதி சாப்பிட்டாரா" என்று கேட்காத நல்ல குடும்பத்தை நான் கண்டதில்லை.

கரண்ட் விஷயம் சுருக்கமாக. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்த நாட்களில் எந்த இடங்கள் ஆட்களைத் தக்கவைத்தன என்றால், ஏசி ஓடாவிட்டாலும் பற்றரியில் ஒரு மின்விசிறியும் ஒரு லைற்றும் ஓடிய இடங்கள்தான். இன்றைக்கும் மழைக்காற்றுக்குக் கரண்ட் போகும். றூமுக்கு ஒரு விசிறி, ஒரு லைற், வைஃபைப் பெட்டி, இவ்வளவையும் தாங்குகிற இன்வேட்டர் போதும். கட்டிலின் இரண்டு பக்கமும் பிளக் இருக்கட்டும். வைஃபைப் பெட்டியை உங்கள் அறையில் வைக்காமல் நடுவிறாந்தையில் வைத்து, ஒவ்வொரு கட்டிலிலும் படுத்தபடி போனில் வேகம் பாருங்கள்.

என்ன செய்தாலும் ஏதாவது ஒருநாள் பழுதாகும். ஒரு கச்சான் காலத்தில், பாசிக்குடாவில், ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு குடும்பத்தின் ஏசி நின்றது. கடமையில் இருந்தவர் "காலையில் ஆள் வரும்" என்றார். இரண்டு சின்னப் பிள்ளைகள். அவர்கள் விடியும்வரை கடற்கரையில் இருந்துவிட்டு, காலையில் ஒன்றும் பேசாமல் பில் கட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த வருடம் வேறொரு முகாமையாளர் இருக்கும்போது அதே றூமில் அதே பழுது. அவர் தானே வந்து, மன்னிப்புக் கேட்டு, தூங்கின பிள்ளையைத் தகப்பன் தூக்க, சாமானை இவர் தூக்கி, கால் மணித்தியாலத்துக்குள் வேறு றூமில் விட்டார். ஏசி ஒன்றுதான், பழுதும் ஒன்றுதான். இரண்டாவது குடும்பம் மூன்று முறை திரும்பி வந்தது. ஆகவே ஐந்து றூமில் நான்கைத்தான் நிரப்ப வேண்டும் என்று சொல்லமாட்டேன், உங்களுக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் பக்கத்தில் உள்ள நல்ல தங்குமிடம் ஒன்றோடு பேசி வையுங்கள், உங்களுக்கு அவர், அவருக்கு நீங்கள்.

விலையை முழுதாகச் சொல்லுங்கள். 10 சதவீத சேவைக் கட்டணம் எடுப்பீர்கள் என்றால் முதலிலேயே சேர்த்துச் சொல்லுங்கள். போகிற நேரத்தில் பில்லில் ஒரு தொகை கூடியிருந்தால், மூன்று நாள் நீங்கள் கவனித்த கவனிப்பெல்லாம் அதில் போய்விடும். அலுவலக வேலையாக வருகிறவருக்குத் திகதியும் முத்திரையும் உள்ள சரியான பற்றுச்சீட்டு வேண்டும், அதை அவர் கேட்காமலே கொடுங்கள்.

எங்கே போகலாம் என்று எல்லாரும் கேட்பார்கள். கையால் ஒரு வரைபடம் கீறி றூமில் வையுங்கள். 1628 இல் போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கிய கோட்டை, பாலமீன்மடு வெளிச்சவீடு, பௌர்ணமி ராத்திரியில் வாவியில் மீன் பாடுகிற ஓசை கேட்கும் என்று சொல்கிற பழைய கல்லடிப் பாலம். எந்தக் கடையில் நல்ல தயிர், எந்த நேரத்தில் கடலில் இறங்கக் கூடாது என்பதும் அதில் இருக்கட்டும். கல்லடிக் கடல் பாசிக்குடா மாதிரி ஆழமில்லாத குடா அல்ல, இதைக் கட்டாயம் எழுதுங்கள்.

கடைசியாகத் தடாகம். இப்போது கட்ட வேண்டாம், தம்பி. தினமும் குளோரின் பார்க்க வேண்டும், பம்ப் ஓட வேண்டும், கரண்டுக்குக் கட்ட வேண்டும், மழைகாலத்தில் இலையும் பாசியும் அள்ள வேண்டும், பிள்ளைகள் இறங்கினால் ஓர் ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஐந்து றூம் வருமானத்தில் அந்த ஆளுக்குச் சம்பளம் வராது. அந்தக் காசில் மெத்தை ஐந்து, அழுத்தப் பம்ப், இன்வேட்டர், கறுப்புத் திரை, நான்கு செட் பெற்சீட், சாரதிக்கு ஒரு அறை எல்லாம் முடியும். திறப்பதற்கு முன் நீங்களும் வீட்டாரும் ஒவ்வொரு றூமிலும் ஓர் இரவு படுங்கள். உங்கள் வீட்டுப் பக்கத்தில் இருந்து ஒரு சாமானும் எடுக்காமல், ஒரு சூட்கேசோடு போய், கதவைச் சாத்திக்கொண்டு. காலையில் எழும்பி, எதை எங்கே இழுத்து வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். அதைத் திருத்திவிட்டு எனக்கு எழுதுங்கள், நான் வந்து ஒருநாள் படுத்துப் பார்க்கிறேன்.